மைக்செட்காரரின் மூளைப் படம்

வல்லத்துக் கல்யாணத்தில் ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்த அதே நேரம், தென்னை மரத்தில் கட்டியிருந்த கொழாய் ஸ்பீக்கரிலிருந்து ஒப்பாரி புறப்பட்டது. செத்துப்போன புருஷனை நினைத்து ஒரு பெண்குரல் நெஞ்சு வெடிக்க அழுதது. தாலியை எடுத்த மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றுவிட்டது. மேளக்காரர்தான் சமயத்தில் காப்பாற்றினார். தோல் கிழிந்தாலும் சரி என்று அவர் அடித்த அடியில் ஒப்பாரி அமுங்கிப்போனது. தாலியும் ஏறியது.

மைக்செட் போட்டவர் சுங்குவார்சத்திரம் ரகுபதி. சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு, எதுவானாலும் அவருடைய 'அம்சவல்லி சவுண்டு சர்வீஸ்'தான். எந்தப் பெட்டியில் எந்த இசைத்தட்டு இருக்கிறது என்று பார்க்காமலே கையை விட்டு எடுப்பார். அப்படிப்பட்டவர் சாவு வீட்டுத் தட்டைக் கல்யாணத்தில் போட்டால் யாரால் நம்ப முடியும்? "கை மாறிப் போச்சு" என்று அவர் தலையைச் சொறிந்ததும் விட்டுவிட்டார்கள்.

கடையின் பெயர்ப்பலகையில் இருக்கும் அம்சவல்லி அவருடைய மனைவி. டயர் வண்டியில் சாமான்களை ஏற்றி இறக்கும் யேசுராஜ் மறுநாள் வந்து விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணி, சிரிக்க மாட்டேன்றியே. பந்தலே சிரிச்சுது."

"ஒரு வாட்டின்னா சிரிக்கலாம், யேசு."

ஒரு தடவை இல்லை. கொஞ்ச காலமாகவே அவள் பார்த்துக்கொண்டு வருகிறாள். காபி குடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே "காபி போட்டியா?" என்று கேட்பார். நடக்கும்போது கால் இரண்டையும் அகட்டி வைத்து, ஏரியில் பரிசல் மேல் நிற்பவரைப் போலத் தள்ளாடுவார். வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த மகளின் பெயர் ஒருநாள் வாயில் வராமல் திண்டாடினார்.

அதையெல்லாம்கூட வயசுக் கோளாறு என்று விட்டிருப்பாள். ஐம்பதைத் தாண்டிய மனுஷன்தானே. பொய்யைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆம்ப்ளிஃபயர் எங்கே என்று கேட்டதற்கு, காஞ்சிபுரத்தில் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகவும், கடைக்காரர் டீ வாங்கிக்கொடுத்து உட்காரவைத்ததாகவும், வரும்போது பஸ்ஸில் ஒரு கிழவரோடு வாய்ச்சண்டை வந்ததாகவும் கதைகதையாகச் சொன்னார். அம்சவல்லி பஸ் ஏறிப் போய்க் கேட்டால், கடைக்காரர் ரகுபதியைப் பார்த்தே பல மாசம் ஆகிறது என்றார். ஆம்ப்ளிஃபயர் வீட்டிலேயே, கட்டிலுக்கு அடியில் கோணிப்பைக்குள் இருந்தது. அத்தை மகன் என்று சின்ன வயதிலிருந்தே அவரைத் தெரியும் அவளுக்கு. பொய் சொன்னால் காது சிவந்துவிடும் மனுஷர், காது சிவக்காமல் இத்தனை பெரிய பொய்யைச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

காரணம் சாராயமா என்றால், அவர் குடிகாரர் இல்லை என்றுதான் ஊரே சொல்லும். ரோட்டில் விழுந்து கிடந்ததில்லை. கைநீட்டி அடித்ததில்லை. விசேஷ வீட்டில் மரமேறி ஸ்பீக்கரைக் கட்டி இறங்கியதும் "தொண்டைய நனைச்சுக்கோ ரகுபதி" என்று ஒரு கிளாஸ் கொடுப்பார்கள். மத்தியானம் ஒன்று. விளக்கு வைத்ததும் ஒன்று. பந்தி முடியட்டும், அப்புறம் சாப்பிடலாம் என்பார். பந்தி முடியும்போது பசி செத்துப்போயிருக்கும். இப்படியே வருஷக்கணக்கில் ஓடி, காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்கவே ஒரு கிளாஸ் வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தது. அது எப்போது வந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், கல்லும் இல்லை குழியும் இல்லை, சமதரையில் குப்புற விழுந்தார். ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சென்னைக்குக் கூட்டிக்கினு போம்மா. தலைய பாக்கறவங்க பாக்கணும்" என்றார்.

சென்னை ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தவர் டாக்டர் அன்னபுஷ்பம். கண்ணாடி போட்ட, உயரமான பெண். ரகுபதியைக் கோடு போட்டதுபோல நேராக நடக்கச் சொன்னார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். "மூணு பொருளோட பேர் சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க. மாம்பழம், பூட்டு, குடை" என்றார். கொஞ்சநேரம் வேறு ஏதோ பேசிவிட்டு அந்த மூன்றையும் கேட்டார். ரகுபதி யோசித்தார். "மாம்பழம்" என்றார். அப்புறம் அழகாகப் புன்னகைத்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி, வடை, கேசரி. நம்ம நடேசன் வூட்டு விசேஷம் மேடம். கேசரில முந்திரி தூக்கலா போட்டுக்கினு இருந்தாங்க."

அம்சவல்லி குறுக்கே பாய்ந்தாள். "பொய்யி டாக்டரம்மா! காலைலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. நடேசன் வூட்ல ஒரு விசேஷமும் இல்ல. இப்படித்தான் வாயத் தொறந்தா பொய்யி."

டாக்டர் அவளைக் கையமர்த்தினார். "இது பொய் இல்லம்மா. பொய் சொல்றவருக்கு உண்மை எதுன்னு தெரியும். இவருக்கு அந்த இடத்துல ஞாபகமே இல்ல. காலியா இருக்கிற இடத்தை மூளையே ஏதோ ஒண்ண வச்சு ரொப்பிடுது. அவர் அதை நிஜம்னு நம்பித்தான் சொல்றார்."

அம்சவல்லி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் குழந்தையைப் போல இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு பேசாமல் இருந்த அந்த ஒரு வாரம் அவளை உறுத்தியது. முந்தானையை இழுத்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

தலைக்குள் படம் பிடிக்கும் ஸ்கேன் மெஷின் சென்னைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படுக்கச் சொன்னபோது ரகுபதி, "உள்ள ஸ்பீக்கர் இன்னா வாட்டு?" என்று கேட்டார். டெக்னீஷியன் சிரித்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார்.

"இந்த வெள்ளை வளையம் மண்டை ஓடு. உள்ளே சாம்பலா தெரியறது மூளை. இவர் வயசுக்கு மூளை மண்டை ஓட்டோட ஒட்டி நிறைஞ்சு இருக்கணும். பாருங்க, சுத்தி கறுப்பா இடம் விட்டிருக்கு. மடிப்புக்கு நடுவிலயும் அகலமா இருக்கு. மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும்மா."

"சுருங்கிச்சா? துணி தொவச்சா சுருங்குமே, அப்படியா?"

"துணி அப்படியே இருந்து சுருங்கும். இங்க உள்ளே இருக்கிற நரம்பு அணுக்கள்ல சிலது செத்துப்போச்சு, சிலது வாடிப்போச்சு. வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். எனக்கும் சுருங்கும். சிலருக்கு அதுவே வியாதியா வந்து சுருங்கிக்கிட்டே போகும், அதை நிறுத்த எங்ககிட்ட மருந்து இல்ல. ரத்தக்குழாய் அடைச்சாலும் வரும், தலையில பலமா அடிபட்டாலும் வரும். இவருக்கு வந்தது சாராயத்தால. அதோட சாப்பிடாமலே குடிச்சதால பி-ஒன்னுங்கிற வைட்டமின் உடம்புல இல்லாமப் போச்சு. மூளைக்கு அது இல்லாம ஆகாது. நடை தள்ளாடுது இல்ல? பின்பக்கம் இருக்கிற சின்ன மூளையும் அடிவாங்கியிருக்கு."

அம்சவல்லி ஒப்புக்கொள்ளவில்லை. "இவரு ஒருநாளும் ரோட்ல வியுந்து கெடக்கல டாக்டரம்மா."

"மூளைக்கு அந்தக் கணக்கு தெரியாதும்மா. தினம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினாலும் அது வாங்கிக்கும்."

"இனிமே?"

"நல்ல சேதி இருக்கு. சுருங்கற வகையிலேயே நிறுத்தக்கூடிய வகை இது. குடியை விட்டா இத்தோட நிக்கும். வாடினதுல கொஞ்சம் தேறவும் வாய்ப்பிருக்கு. எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது, செத்தது திரும்ப வராது. ஆனா வீட்டுக்குப் போய் திடீர்னு நிறுத்தாதீங்க. வலிப்பு வந்துடும். இங்கயே அட்மிட் பண்ணி மெதுவா நிறுத்தலாம்."

முதல் சில நாட்கள் பெரும்பாடுதான். உடம்பெல்லாம் நடுங்கியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கத்தினார். அம்சவல்லி கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாள். பி-ஒன் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒரு காலையில் அவர் கண் விழித்து, "அம்சா, பசிக்குது" என்றார். எத்தனையோ வருஷமாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அவள் கேன்டீனுக்கு ஓடினாள். ஐந்து இட்லியையும் தின்றுவிட்டு, சாம்பாரில் உப்பு கம்மி என்று குறையும் சொன்னார்.

ஊருக்கு வருவதற்குள் சேதி முந்திக்கொண்டு வந்துவிட்டது. 'மைக்செட்டு ரகுபதிக்கு மூள சுருங்கிப் போச்சாம்.' பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்கள். "தல அதே சைஸ்லதான் கீது?" என்று ஒருவர் சந்தேகப்பட்டார். இன்னொருவர் உலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்குமா என்று யேசுராஜிடம் ரகசியமாகக் கேட்டார். வந்தவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை. யாரோ ஆரம்பித்துவைக்க, வீட்டுக்கு வீடு ஆட்டு மூளை வந்தது. வறுவலாக, குழம்பாக, மிளகு போட்டு, முட்டை ஊற்றி. மூன்றாம் நாள் ரகுபதி கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்சா, ஆட்டுக்கு வேணாவா மூள? எல்லாத்தையும் நானே துண்ணா அது இன்னா பண்ணும்?"

அடுத்த தடவை ஆஸ்பத்திரி போனபோது அம்சவல்லி டாக்டரிடமே கேட்டுவிட்டாள், ஆட்டு மூளை தின்றால் மனுஷ மூளை வளருமா என்று. "அது வயித்துக்குத்தான்மா போகும், தலைக்கு ஏறாது" என்று டாக்டர் சிரித்தார். "ஆனா வேளாவேளைக்குச் சாப்பிடறார் பாருங்க, அதுதான் மருந்து."

தொழிலை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. விசேஷ வீடுதான் அவருக்குச் சோறு போட்டது, அவரைச் சாய்த்ததும் அதுதான். விற்றுவிடலாம் என்று மகள் சொன்னாள். அம்சவல்லி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு யேசுராஜைக் கூப்பிட்டாள்.

"யேசு, ஏணிய புடி. கொழாய் எப்படி கட்றதுன்னு பாக்கணும்."

"நீயா அண்ணி? மரத்துலயா?"

"ஏன், மரம் வேணாம்னு சொல்லிச்சா?"

அவள் மரமேறியதைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. கீழே நின்று ரகுபதி கத்தினார். "இடது பக்கம் திருப்பு! அய்யோ, இடதுன்னா இடது!" ஒயரை மாற்றிச் செருகி ஒருதரம் ஃப்யூஸ் போனது. இன்னொருதரம் மைக்கை அணைக்க மறந்து, சம்பந்தி வீட்டுக்காரியின் நகையைப் பற்றி அவள் யேசுராஜிடம் சொன்னது மூன்று தெருவுக்குக் கேட்டது. ஆனால் அவளுடைய கணீர்க் குரல் ஊருக்குப் பிடித்துவிட்டது. ரகுபதியை இசைத்தட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கல்யாணத் தட்டுகளுக்கு மஞ்சள் காகிதம், சாவுத் தட்டுகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினாள். ஞாபகத்தை நம்பாமல் நிறத்தை நம்பி அவர் எடுத்துக்கொடுப்பார். ஒன்றும் தப்பவில்லை.

தை மாசம் சேரப்பணஞ்சேரியில் நடேசன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் கம்பெனி வேலை. ஷிஃப்ட் முடித்து நேராக பஸ் பிடித்து வந்த அவனுடைய கூட்டாளிகளால் பந்தலே கலகலத்தது. அம்சவல்லி மைக்கில் பேசிக்கொண்டே திரும்பினாள். பெட்டிக்குப் பக்கத்தில் ரகுபதி இல்லை.

பந்தலுக்குப் பின்னால் வைக்கோல்போர் ஓரம் இருந்தார். நடேசன் ஒரு கையால் அவர் தோளை அணைத்துக்கொண்டு, மறுகையில் கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு கல்யாணம் ரகுபதி. ஒரே ஒரு கிளாஸ். அதுல இன்னா ஆவப்போவுது?"

ரகுபதி வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கவும் இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் ஒன்றை ஒன்று நெரிப்பது அம்சவல்லிக்குத் தெரிந்தது.

சண்டை போடலாம், கிளாஸைத் தட்டிவிடலாம். அடுத்த கல்யாணத்தில் இன்னொரு நடேசன் நீட்டுவார். எத்தனை கிளாஸைத் தட்டுவது? அவள் திரும்பி மைக்கிடம் போனாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள்.

"அலோ, அலோ. கல்யாணத்துக்கு வந்துகீற பெரியவங்களே, தாய்மாருங்களே, ஒரு அறிவிப்பு. எங்க வூட்டுக்காரரு மைக்செட்டு ரகுபதிக்கு மூள சுருங்கிப் போச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். எதனால சுருங்கிச்சுன்னு தெரியாது. சாராயத்தால சுருங்கிச்சு. டாக்டரு படம் புடிச்சு காட்டிட்டாங்க. குடிகாரரு இல்ல, பாசத்துல நீங்க குடுத்தத குடிச்சாரு. சாப்பாட்ட வுட்டுட்டு குடிச்சாரு. இப்பதான் தேறிக்கினு வராரு. இன்னொரு கிளாஸு போனா வந்த மூளையும் போய்டும். அதனால இனிமே பாசம் பொத்துக்கினு வந்தா யாரும் கிளாஸ நீட்டாதீங்க. எலய போடுங்க. நல்லா துண்ணுவாரு. நன்றி, வணக்கம்."

கொழாய் ஸ்பீக்கர் அதை ஒரகடம் ரோடு வரைக்கும் கொண்டுபோனது. பந்தியில் இருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். அம்சவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் கூடிய இடத்தில் புருஷன் மானத்தை வாங்கிவிட்டோமே, இனி எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

ரகுபதி வைக்கோல்போர்ப் பக்கமிருந்து மெல்ல நடந்து வந்தார். முகத்தில் கோபமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்தவர் கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

"அலோ. மூள சுருங்கினவன் பேசறேன்." அம்சவல்லியைக் கையால் காட்டினார். "அவ சொன்னது அத்தினியும் நெசம். எனக்கே மறந்துபோய்டும், நீங்களாவது ஞாபகம் வச்சுக்குங்க. அப்புறம், முதல் பந்தில பாயசம் ரெண்டாவது வாட்டி வரல. நன்றி."

பந்தல் வெடித்துச் சிரித்தது. கம்பெனிப் பையன்கள் விசிலடித்தார்கள். நடேசன் கிளாஸை வைக்கோலில் கவிழ்த்துவிட்டு ஓடினார், திரும்பி வரும்போது கையில் பாயச வாளி இருந்தது. "மன்னிச்சுக்கோம்மா" என்று அம்சவல்லியிடம் முணுமுணுத்துவிட்டு, ரகுபதியை இலை போட்டு உட்காரவைத்துத் தானே ஊற்றினார். போதும் என்று இலையை மறைத்தும் விடவில்லை.

சாமான்களைக் கழற்றும்போது பாப்பம்மாள் என்ற ஒருத்தி அம்சவல்லியிடம் ஒதுங்கி வந்தாள். "அக்கா, எங்க வூட்டுக்காரரும் கால அகட்டி அகட்டித்தான் நடக்கறாரு. சொன்னதயே சொல்றாரு. நான் தெனமும் திட்டிக்கினு கீறேன். அது எந்த ஆஸ்பத்திரிக்கா?" அம்சவல்லி டாக்டர் பெயரையும் பஸ் நம்பரையும் சொன்னாள். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு, "திட்டாத. மொதல்ல சோறு போடு. வூட்லயே திடீர்னு நிறுத்திடாத, ஆபத்து" என்றாள். அதற்கப்புறம் ஏறக்குறைய ஒவ்வொரு விசேஷத்திலும் அப்படி யாராவது ஒருத்தி வந்தாள்.

எல்லாம் நேர்க்கோடாகப் போய்விடவில்லை. நடுவில் ஒரு திருவிழாவின்போது ரகுபதி சறுக்கினார். சாராயக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு, தானே வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அம்சவல்லி திட்டவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரும் திட்டவில்லை. "இன்னிக்கு மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஒரு வருஷம் கழித்து இன்னொரு படம் எடுத்தார்கள். டாக்டர் அன்னபுஷ்பம் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். கறுப்பு இடைவெளி போய்விடவில்லை. ஆனால் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. அம்சவல்லி கண்ணுக்கே தெரிந்தது.

"இவ்வளவு வரும்னு நானே நினைக்கல" என்றார் டாக்டர். "நடை நல்லா இருக்கு. இல்லாத கதை சொல்றது நின்னுடுச்சு. ஞாபகத்துல ஓட்டை இருக்கத்தான் இருக்கும், அதை ஒத்துக்கிட்டு வாழணும். என்ன ரகுபதி?"

"ஓட்டைய அடைக்கத்தான் இவ கீறாளே மேடம்" என்றார் ரகுபதி. வெட்கத்தில் அவருடைய காது லேசாகச் சிவந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பூந்தமல்லி தாண்டிக் காற்று சில்லென்று அடித்தது. செம்பரம்பாக்கம் ஏரி தளும்பிக் கிடந்தது. ரகுபதி வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று திரும்பி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, நீ யாரு? எங்க இஸ்துகினு போற என்ன?"

அம்சவல்லி சட்டென்று திரும்பினாள். "மாமா!" என்று அவர் கையை இறுகப் பிடித்தாள். "மாமா, நான்தான்... அம்சா..."

அவர் உதட்டோரம் துடித்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார்.

"அடப்பாவி மனுஷா!" என்று கையிலிருந்த பையாலேயே அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். "உசுரே போய்ட்டு வந்துச்சு எனக்கு!"

"இன்னாம்மா தகராறு?" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் ரகுபதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சும்மா டெஸ்டு பண்ணிப் பாத்தேன்."

அவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அடங்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் இறங்கியபோது யேசுராஜ் டீக்கடை ஓரம் வண்டியோடு தயாராக நின்றுகொண்டிருந்தார். மறுநாள் குன்றத்தூரில் ஒரு காதுகுத்து. இருட்டுவதற்குள் சாமான்களை ஏற்றியாக வேண்டும்.